பெர்ஃபை பெர்ஃபாலேயே அளந்து பார்த்தது

லினக்ஸ் கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், சோர்ஸுக்குள் ‘டூல்ஸ்’ என்று ஒரு டைரக்டரி, அதற்குள் ‘பெர்ஃப்’ என்று இன்னொன்று. கர்னல் எங்கே நேரத்தைச் செலவழிக்கிறது என்று பார்க்க நாங்கள் தினமும் எடுக்கும் கருவி அங்கேதான் குடியிருக்கிறது. 2009-இல் 2.6.31 பதிப்போடு உள்ளே வந்தது. அதற்கு முன் பலரும் நம்பியிருந்த ஓப்ரொஃபைலின் கர்னல் பகுதியை 2021-இல், 5.12 பதிப்பில், எடுத்தே போட்டுவிட்டார்கள். எங்கள் குழுவில் பெர்ஃபை பில்ட் செய்து கொடுப்பது, வேண்டிய பேட்ச்களைச் சேர்ப்பது, அது காட்டும் எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் அதிக நேரம் பிடிக்கும். ப்ரொஃபைலர், அதாவது நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் இந்த மாதிரிக் கருவி, நின்றுபோனால் யாராவது வந்து சொல்வார்கள். தவறான இடத்தைக் கைகாட்டினால் யாரும் சொல்ல மாட்டார்கள். நேராக அந்த இடத்தைத் திருத்தப் போய்விடுவார்கள்.

இந்த முறை முதலில் வந்தது நின்றுபோகும் வகைப் புகார். “வரி எண்ணோட ரிப்போர்ட் கேட்டா திறக்கவே மாட்டேங்குது.” ஃபங்ஷன் பெயர் வாரியாகக் கேட்டால் உடனே வருகிறது. அதே டேட்டா ஃபைலை சோர்ஸ் வரி வாரியாகப் பிரிக்கச் சொன்னால் கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பழைய சர்வர்களுக்காக நாங்கள் தனியாக வைத்திருக்கும் பழைய கிளையில்தான் இந்தச் சிக்கல்.

ஒரு ப்ரோகிராம் மெதுவாக ஓடினால் பெர்ஃப் போட்டுப் பார்ப்போம். அந்த ப்ரோகிராம் பெர்ஃபாகவே இருந்தாலும் அதே வழிதான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பெயர் எதுவும் சொல்லாவிட்டால் அளவீட்டைப் பதியும் பெர்ஃப் ரெக்கார்டும் அதைப் படித்துக் காட்டும் பெர்ஃப் ரிப்போர்ட்டும் ஒரே ஃபைல் பெயரைத்தான் எடுக்கும். உள்ளே ஓடும் ரிப்போர்ட் படிக்க வேண்டிய ஃபைலை, வெளியே ஓடும் ரெக்கார்ட் ‘ஓல்ட்’ என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கிவிடும். அதனால் வெளியே உள்ளதற்கு மைனஸ் ஓ போட்டு வேறு பெயர் கொடுத்தே ஆக வேண்டும். ஸ்டேக்கோடு, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற தொடரோடு, எடுக்கத் தயக்கம் வேண்டாம். பெர்ஃபின் மேக்ஃபைல், அந்தத் தொடரைப் பின்தொடர உதவும் ஃப்ரேம் பாயின்டரை விட்டுவிடாமல்தான் கம்பைல் செய்கிறது.

எடுத்த டேட்டாவை முதலில் ப்ராசஸ் பெயர் வாரியாகப் பிரித்தேன். பெர்ஃப் ரெக்கார்ட் பிள்ளை ப்ராசஸ்களையும் சேர்த்தே பிடிக்கும். அது இங்கே கைகொடுத்தது. பெர்ஃப் எங்கோ கீழே கிடந்தது, மேலே முழுக்க ‘அட்ரஸ்-டு-லைன்’. பைன்யூட்டில்ஸோடு வரும் சின்னக் கருவி அது. ஒரு முகவரியைக் கொடுத்தால் எந்த ஃபைலில் எந்த வரி என்று சொல்லும். அதற்குள் இறங்கிப் பார்த்தால் நேரம் போவது ட்வார்ஃப் டீபக் தகவலை, அதாவது முகவரியையும் சோர்ஸ் வரியையும் இணைக்கும் குறிப்புகளை, பிரித்துப் படிப்பதில். கர்னல் பக்கம் பார்த்தால் பேஜ் ஃபால்ட், எக்ஸெக் (புது ப்ரோகிராமைத் தொடங்குவது), எக்ஸிட்.

எக்ஸெக் கண்ணில் பட்டதும் பிடி கிடைத்தது. கர்னலுக்குள் நிகழ்வுகளைக் கவனிக்க வைத்திருக்கும் ஷெட்யூலர் ட்ரேஸ்பாயின்ட்களில் ப்ராசஸ் எக்ஸெக் என்று ஒன்று உண்டு. பெர்ஃப் ஸ்டாட்டில் அதை மட்டும் எண்ணச் சொல்லிவிட்டு, டேட்டா ஃபைலில் ஒரு சின்னக் கால இடைவெளியை மட்டும் எடுத்து ரிப்போர்ட் ஓட்டினேன். எத்தனை வெவ்வேறு முகவரிகள் இருந்தனவோ ஏறக்குறைய அத்தனை எக்ஸெக். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு புது ப்ராசஸ். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கும் வி.எம்.லினக்ஸை, அதாவது டீபக் தகவலோடு இருக்கும் கர்னல் பைனரியை, திறந்து, ட்வார்ஃபைப் படித்து, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறது. அடுத்த முகவரிக்கு மறுபடி முதலிலிருந்து.

லிப்-பி.எஃப்.டி நூலகத்தை பெர்ஃபோடு இணைத்து பில்ட் செய்தால் தனி ப்ராசஸே தேவைப்படாது, எல்லாம் உள்ளேயே நடக்கும். ஆனால் அந்த நூலகம் ஜி.பி.எல் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது, பெர்ஃப் இரண்டாம் பதிப்பில். இரண்டையும் சேர்த்து இணைத்த பைனரியை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் புதிய பெர்ஃபில் அது தானாகச் சேர்வதில்லை. ‘பில்ட் நான்-டிஸ்ட்ரோ’ என்று கேட்டு வாங்க வேண்டும். என் மெஷினில் மட்டும் ஓட்டுவதென்றால் பரவாயில்லை. நான் செய்யும் பில்ட் பல கைகளுக்குப் போகிறது, எனவே அந்த வழியை விட்டுவிட்டேன்.

லினக்ஸின் மூலக் கிளையான மெயின்லைனில் இதற்கு ஏற்கெனவே வேறு மருந்து கண்டிருந்தார்கள்: அட்ரஸ்-டு-லைனைச் சாகவிடாமல் உயிரோடு வைத்திருப்பது. ஒவ்வொரு பைனரிக்கும் ஒரு பிள்ளை ப்ராசஸ், இரண்டு பைப். முகவரியை ஒரு பைப்பில் எழுதினால் பதில் இன்னொன்றில் வரும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு முடிச்சு உண்டு. இன்லைன் ஆன, அதாவது அழைத்த இடத்திலேயே கம்பைலர் கரைத்துவிட்ட, ஃபங்ஷன்கள் இருந்தால் ஒரு முகவரிக்கே பல வரிகள் பதிலாக வரும். எத்தனை வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பதில் முடிந்ததா, இன்னும் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை ப்ராசஸ் செத்தால் பைப் மூடிக்கொள்ளும், அதை வைத்து முடிவு தெரியும். இங்கே அது சாவதே இல்லையே.

அதற்குச் செய்திருக்கும் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முகவரியை எழுதிய கையோடு அடுத்த வரியில் வெறும் காற்புள்ளி ஒன்றை எழுதிவிடுகிறார்கள். காற்புள்ளி எந்த முகவரியும் இல்லை, ஆகவே க்னூ பதிப்பு கேள்விக்குறிகளாகப் பதில் சொல்லும். அதைப் பார்த்ததும் இந்த முகவரிக்கான பதில் முடிந்தது என்று பொருள். முகவரியே அதற்குத் தெரியாமல் போனாலும் கேள்விக்குறிதான் வரும் என்பதால், முதலில் வரும் பதிலை எப்போதும் நிஜ முகவரிக்கு உரியதாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதைத்தான் எல்லையாகப் பார்க்க வேண்டும். எல்.எல்.வி.எம் தரும் பதிப்பு வேறு மாதிரி. புரியாததைக் கொடுத்தால் அதையே திருப்பி எழுதிவிடும். எனவே ஆரம்பத்திலேயே ஒரு காற்புள்ளியை அனுப்பி எதிரில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள்கிறது பெர்ஃப். இவ்வளவும் நடக்க, எதிர்த் தரப்பு ஒவ்வொரு பதிலையும் பஃபரில் தேக்காமல் உடனே தள்ள வேண்டும். அட்ரஸ்-டு-லைன் சோர்ஸில் இதற்கென்றே ஒரு ஃப்ளஷ் இருக்கிறது, ‘இது மிக அவசியம்’ என்ற குறிப்போடு.

அந்தப் பேட்ச்சை எங்கள் பழைய கிளைக்குக் கொண்டுவந்தேன். சுற்றியுள்ள கோட் நிறைய மாறியிருந்ததால் அப்படியே ஒட்டவில்லை; பைனரியைக் குறிக்கும் ஸ்ட்ரக்ட் விடுபடும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே பிள்ளை ப்ராசஸை முடித்து பைப்களை மூடும் பகுதியைக் கையால் பொருத்த வேண்டியிருந்தது. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு பில்ட் செய்து ஓட்டிப் பார்த்தபின் மறுபடி எக்ஸெக் எண்ணிக்கை: இப்போது முகவரிகளின் எண்ணிக்கையைத் தொடரவில்லை, பைனரிகளின் எண்ணிக்கையோடு நின்றது. நிமிடக்கணக்கில் நின்ற ரிப்போர்ட் நொடிகளில் திறந்தது. ஒவ்வொரு பைனரிக்கும் முதல் கேள்வி மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, ட்வார்ஃபை ஒருமுறையாவது படித்தாக வேண்டுமே.

சரி, இது நேரத்தைத் தின்ற பிரச்சினை. அடுத்தது ஆளையே திசைதிருப்பிய பிரச்சினை.

ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் எடுத்த ப்ரொஃபைலை ஒருவர் கொண்டுவந்தார். உச்சியில் ‘ரா ஸ்பின் அன்லாக் ஐ.ஆர்.க்யூ ரெஸ்டோர்’, அதுவும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கும் அளவுக்கு. லாக்குக்கு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டி என்று முடிவுகட்டி, லாக்கைப் பல சின்ன லாக்குகளாக உடைக்கும் திட்டமே தயாராக இருந்தது. அந்த ஃபங்ஷன் செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள்: லாக்கை விடும், இன்டரப்ட்டை, அதாவது ப்ராசஸரை இடைமறிக்கும் அழைப்பை, முன்பிருந்த நிலைக்குத் திருப்பும், அவ்வளவுதான். நேரம் போவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் சாம்பிள், அதாவது ப்ராசஸர் எங்கே நிற்கிறது என்று அவ்வப்போது எடுத்த பதிவு, எத்தனை என்பதோடு, எதை வைத்து அளந்தது என்று சொல்லும் ஈவென்ட்டின் பெயரும் இருக்கும், பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே ‘சைக்கிள்ஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சிபியு-க்ளாக்’ என்று இருந்தது. அந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு சைக்கிள்ஸ் போன்றவற்றை எண்ணும் ப்ராசஸரின் கவுண்ட்டர்கள் திறந்துவிடப்படவில்லை. சைக்கிள்ஸ் கிடைக்காததால் பெர்ஃப் தானாகவே கர்னல் டைமருக்கு மாறிக்கொண்டது.

இந்த மாற்றம் சாதாரணமானதில்லை. எக்ஸ்86-இல் ஹார்ட்வேர் கவுண்ட்டர் நிரம்பினால் வருவது என்.எம்.ஐ, அதாவது யாராலும் தடுக்க முடியாத இன்டரப்ட். இன்டரப்ட்கள் அணைந்திருக்கும் பகுதிக்குள்ளும் அது புகுந்து, ப்ராசஸர் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடும். டைமர் இன்டரப்ட் அப்படி இல்லை. அணைத்து வைத்திருந்தால் வாசலிலேயே நிற்கும், எப்போது திறக்கிறார்களோ அப்போதுதான் உள்ளே வரும். திறக்கும் இடம் எது? அதே அன்லாக் ஃபங்ஷன். இன்டரப்ட் அணைந்த பகுதிக்குள் செலவான நேரத்துக்கெல்லாம் அங்கே கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வகை லாக்கை எடுக்கக் காத்திருப்பதும் இன்டரப்ட்டை அணைத்த பிறகுதான். ஹார்ட்வேர் கவுண்ட்டர் இருந்தால் காத்திருந்த நேரம் ‘ஸ்பின் லாக் ஸ்லோபாத்’தில் தனியாகத் தெரியும், உள்ளே வேலை செய்த நேரம் அந்தந்த ஃபங்ஷனில் தெரியும். டைமரில் இரண்டும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஆகவே லாக்குக்குப் போட்டி உண்டு என்றோ இல்லை என்றோ அந்த ப்ரொஃபைலை வைத்துச் சொல்லவே முடியாது.

வாயால் சொன்னால் நம்பிக்கை வராது என்று ஒரு சின்ன கர்னல் மாட்யூல் எழுதினேன். ஸ்பின் லாக்கை ஐ.ஆர்.க்யூ சேவோடு எடுக்கும், சில நூறு மைக்ரோ நொடி வெறும் டிலே, பிறகு விடும். இதையே திரும்பத் திரும்பச் செய்யும். டிலே செய்யும் ஃபங்ஷனை ‘நோ-இன்லைன்’ என்று குறித்துவைத்தேன், இல்லாவிட்டால் கம்பைலர் அதைக் கரைத்துவிடும், ரிப்போர்ட்டில் பெயரே இருக்காது. நேரடி ஹார்ட்வேரில் ஓட்டினால் சாம்பிள்கள் டிலே லூப்பில் விழுந்தன, நிஜமாகவே நேரம் போன இடம் அதுதான். அதே மாட்யூலை அந்த மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டினால் டிலே லூப் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. மொத்தமும் அன்லாக் ஃபங்ஷனில். அனொட்டேட்டில் திறந்து பார்த்தால் இன்டரப்ட்டைத் திறக்கும் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்ததாக ஒரே குவியல். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினதும் லாக்கை உடைக்கும் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் கே.வி.எம் பக்கம் கெஸ்ட்டுக்கு பி.எம்.யூவை, அதாவது அந்தக் கவுண்ட்டர்களை, திறந்துவிட்டு அவருடைய வேலையை மறுபடி அளந்தோம். நேரம் போனது லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நீளமான லிஸ்ட்டை நடந்ததில்.

ஏ.ஆர்.எம் 64 ப்ராசஸர்களில் இந்த வலையில் நேரடி ஹார்ட்வேரிலேயே விழலாம். அங்கே கவுண்ட்டர் இன்டரப்ட் இயல்பாக என்.எம்.ஐ இல்லை. இன்டரப்ட்களைக் கையாளும் ஜி.ஐ.சியின் மூன்றாம் பதிப்பு இருக்கும் இயந்திரங்களில் முன்னுரிமை அளவை வைத்துப் போலி என்.எம்.ஐ உருவாக்க முடியும், ஆனால் அதற்கென்று கர்னலில் வசதி இருக்க வேண்டும், பூட் பேராமீட்டரும் கொடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. பெர்ஃப் டைமருக்கு மாறும்போது அதைச் சொல்லும் செய்தி சோர்ஸில் இருக்கிறது, ஆனால் விவரமாகப் பேசச் சொல்லும் வெர்போஸ் போட்டால்தான் வெளியே வரும். பெர்மிஷன் விஷயத்திலும் அதே கதை. யார் எதை அளக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ‘பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்ட்’ அளவு 2 ஆக இருந்து, ரூட்டோ 5.8-இல் வந்த ‘கேப் பெர்ஃப்மான்’ உரிமையோ இல்லாமல் ஓட்டினால், கர்னல் சாம்பிள்களைக் கழற்றிவிட்டு யூசர் பக்கத்தை மட்டும் எடுத்துத் தரும். ஈவென்ட் பெயருக்குப் பின்னால் ஒரு ‘யூ’ ஒட்டிக்கொள்வதுதான் ஒரே அடையாளம். கர்னலை அளக்க வந்தவருக்குக் கர்னலே இல்லாத ரிப்போர்ட். எங்கள் கிளையில் அந்த வெர்போஸ் நிபந்தனையை எடுத்துவிட்டு, இரண்டு செய்திகளும் எப்போதும் வரும்படி செய்தேன். மிகச் சின்ன மாற்றம், இதுவரை செய்ததில் அதிகப் பலன் கொடுத்ததும் அதுதான்.

அப்புறம், ப்ரொஃபைலர் தானே ஏற்றும் சுமை. ஃப்ரேம் பாயின்டர் இல்லாத ப்ரோகிராம்களுக்கு ஸ்டேக் வேண்டும் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு ட்வார்ஃப் முறையைப் போடுகிறார்கள். அந்த முறையில் ஒவ்வொரு சாம்பிளோடும் யூசர் ஸ்டேக்கிலிருந்து 8192 பைட் வரை அப்படியே நகலெடுத்து வைக்கும், பிரிப்பது பிறகுதான். இயல்பான வேகம் நொடிக்கு 4000 சாம்பிள். பெருக்கிப் பார்த்தால், முழு வேலையில் இருக்கும் ஒரு சிபியுவுக்கு நொடிக்கு ஏறக்குறைய 32 மெகாபைட். 64 சிபியு என்றால் 2 ஜிகாபைட்டுக்கு மேல். ரூட் இல்லாமல் ஓட்டும்போது ஒரு சிபியுவுக்குக் கிடைக்கும் ரிங் பஃபர் 512 கிலோபைட். 8 கிலோபைட் சாம்பிள் 64 விழுந்தால் நிரம்பிவிடும், அதாவது 16 மில்லி நொடியில். அதற்குள் பெர்ஃப் வந்து அள்ளிக்கொண்டு போகாவிட்டால் சாம்பிள்கள் கீழே சிந்தும், முடிவில் ‘இத்தனை சங்க் தொலைந்தது’ என்று ஒரு வரி வரும். கூட்டம் அதிகமான நேரத்துச் சாம்பிள்கள்தான் முதலில் தொலையும், நாம் தேடுவதும் அவற்றைத்தான். பெர்ஃபைச் சுற்றி எழுதிய எங்கள் உறை ஸ்கிரிப்ட்டில் ட்வார்ஃப் கேட்டால் வேகம் தானாக 99-க்கு இறங்கும். அதே பஃபர் அப்போது அரை நொடிக்கு மேல் தாங்கும். ஃபெடோரா 38-லும் உபுண்டு 24.04-லும் ஃப்ரேம் பாயின்டரோடு கம்பைல் செய்யத் தொடங்கியதால் இனி ட்வார்ஃபின் தேவையே குறையும். கர்னலின் சொந்த ஸ்டேக்குக்கு இந்தக் கவலை இல்லை. எக்ஸ்86-இல் 4.14 முதல் ஸ்டேக்கைப் பிரித்துச் சொல்லும் ஆர்க் அன்வைண்டர் இருக்கிறது.

கர்னலின் செய்திப் பதிவான டி-மெசேஜில் ‘இன்டரப்ட் டுக் டூ லாங்’ என்று பெர்ஃப் புலம்புவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உச்ச வேகம் நொடிக்கு 1,00,000 சாம்பிள், அதில் சிபியு நேரத்தில் 25 சதவீதம்வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது இயல்பான வரம்பு. ஒரு சாம்பிளுக்கு 10 மைக்ரோ நொடி, அதில் கால்வாசி 2500 நானோ நொடி. சராசரி அதைத் தாண்டினால் கர்னல் உச்ச வேகத்தைக் குறைத்துவிடும், குறைத்ததைத் தானாக ஏற்றாது. போன வாரம் யாரோ ஓட்டியதால் இறங்கிய வரம்பு இன்றைக்கு உங்கள் அளவீட்டைக் கட்டுப்படுத்தலாம். தொடங்கும் முன் அந்த வரம்பை வைத்திருக்கும் சிஸ்கன்ட்ரோலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பராமரிப்பில் மற்றவை பெரும்பாலும் சலிப்பான வேலை. பில்ட் தொடங்கும்போது எந்தெந்த நூலகம் இருக்கிறது என்று பெர்ஃப் தானே சோதித்துப் பட்டியல் போடும். சில நூலகங்கள் இல்லாவிட்டால் பில்ட் நின்றுவிடும், சில இல்லாவிட்டால் அந்த வசதியை மட்டும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு மேலே போகும். திரை வரையும் நூலகமான எஸ்-லாங் இல்லாத மெஷினில் பில்ட் செய்தால் அம்புக்குறியால் மேலும் கீழும் போகும் அந்தத் திரை இருக்காது, வெறும் எழுத்து ரிப்போர்ட்தான். பில்ட் ஆப்ஷன்களைக் காட்டும் பெர்ஃப் வெர்ஷன் வெளியீட்டை ஒவ்வொரு பில்ட்டோடும் சேமித்து, முந்தையதோடு டிஃப் போட்டுப் பார்க்கிறேன். கர்னல் ஹெடர்களின் நகல்கள் டூல்ஸ் டைரக்டரிக்குள் தனியாக இருக்கின்றன. மூலம் மாறினால் ‘ஏ.பி.ஐ ஹெடர் வித்தியாசம்’ என்று எச்சரிக்கை வரும். பார்த்ததும் பதறி நகலெடுத்து ஒட்ட வேண்டாம். புது சிஸ்டம் கால், புது ஃப்ளாக் எதையாவது பெர்ஃப் பெயரோடு காட்ட வேண்டியிருக்கிறதா என்று யோசிக்க வைக்கத்தான் அந்த எச்சரிக்கை.

கர்னல் பதிப்பும் பெர்ஃப் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையையும் பலமுறை களைய வேண்டியிருக்கிறது. கர்னலுக்குப் போகும் ஈவென்ட் ஸ்ட்ரக்ட்டில் அதன் அளவே ஒரு ஃபீல்டாக இருக்கிறது. முதல் பதிப்பில் 64 பைட், பிறகு வளர்ந்துகொண்டே வந்தது. பழைய கர்னலுக்குப் புரியாத ஃபீல்டில் ஏதாவது நிரப்பி அனுப்பினால் அது மறுக்கும், பெர்ஃப் அந்த வசதியை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மறுபடி கேட்கும். எனவே எல்லா சர்வர்களிலும் புதிய பெர்ஃபை ஓட்டலாம், நாங்களும் மெல்ல மெல்லப் பழைய கிளையை விட்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு இயந்திரத்திலும் பெர்ஃப் டெஸ்ட்டை ஓட்டும்போது ‘ஸ்கிப்’ என்று வருவதை ‘ஓகே’ என்று எண்ணிவிடக் கூடாது. வி.எம்.லினக்ஸும் ஓடும் கர்னலின் சிம்பல் பட்டியலான கால்-சிம்ஸும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் முதல் டெஸ்ட், வி.எம்.லினக்ஸ் கிடைக்காவிட்டால் ஸ்கிப்தான் ஆகும், சிம்பல்கள் சரியா தவறா என்று எதையும் அது சொல்லவில்லை.

டைமருக்கு மாறுவதை எப்போதும் சொல்லும் அந்த எச்சரிக்கைப் பேட்ச்சை மெயின்லைனுக்கு அனுப்பும் வடிவத்துக்குக் கொண்டுவருவது பாக்கி இருக்கிறது. டேட்டாவை ஃபைலில் எழுதாமல் பைப்பில் தள்ளும் முறையில் ஸ்டாண்டர்ட் அவுட்புட் முழுக்க சாம்பிள்களுக்கே சொந்தம், அதில் ஓர் எழுத்து கலந்தாலும் படிக்கும் பக்கம் குழம்பும். ஆகவே எச்சரிக்கை ஸ்டாண்டர்ட் எரர் பக்கம்தான் போகிறது என்பதை உறுதிப்படுத்த ஒரு ஷெல் டெஸ்ட் வேண்டும். கவுண்ட்டர் இல்லாத இயந்திரத்தில் அது எச்சரிக்கையைத் தேட வேண்டும், கவுண்ட்டர் இருந்தால் ஸ்கிப் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கியிருக்கிறேன்.